கத்தி யார் கையில் இருந்தது?

கேள்வி: எனக்கு இரண்டு மகன்கள். கணவர் இல்லை. காய்கறி மண்டியில் வேலை பார்க்கிறேன். பெரியவன் 11-ஆம் வகுப்பு, சின்னவனுக்கு 11 வயது. எங்கள் தெருவில் உள்ள 19 வயதுப் பையன் பெரியவனை பைக்கில் பின்னால் உட்கார வைத்துப் போய், இரவில் பஸ் ஸ்டாண்டு அருகே ஒருவரிடம் செல்போனைப் பறித்திருக்கிறான். கத்தி காட்டியதாகப் புகார். அந்த போனை என் மகன் வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பியிடம் விளையாடக் கொடுத்துவிட்டான். போலீஸ் இரவில் வந்து பெரியவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், மறுநாள் மதியம் இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்தினார்கள். ஜாமீன் கிடைத்து வீட்டில் இருக்கிறான். என்னிடமும் அவனிடமும் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆரில் 309(4), 311 என்று போட்டிருக்கிறது. 16 வயது ஆகிவிட்டதால் பெரிய ஆட்களைப் போல விசாரிப்பார்கள் என்கிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்படி சம்பவத்தன்று அவனுக்கு 16 வயது 4 மாதம். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் கொடுத்தோம். பிறப்புச் சான்றிதழ்படி 15 வயது 8 மாதம்தான். ஆதாரை மாற்றினால் போதும் என்கிறார் என் அண்ணன். சின்னவனையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிவரச் சொல்கிறார்கள். பெரியவனுக்கு இனி அரசு வேலை கிடைக்காதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆதாரை மாற்றும் வேலையை அண்ணன் இன்றே நிறுத்தட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் மகனின் வழக்கில் வயதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று இருக்கிறது. அந்தக் கத்தி யார் கையில் இருந்தது?

இளைஞர் நீதிச் சட்டம் 2015, குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு வரை என்றால் சிறு குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கொடுங்குற்றம். இடையில் இருப்பவை கடுங்குற்றம். 'பெரிய ஆட்களைப் போல' விசாரிக்கலாமா என்ற பேச்சு, 16 வயது நிறைந்த பிள்ளை மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால் மட்டுமே எழும். 16 வயது ஆகிவிட்டது என்பதாலேயே யாரையும் அப்படி விசாரிக்க முடியாது.

இனி உங்கள் எஃப்.ஐ.ஆரைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வெறும் பறிப்பு 304-ஆம் பிரிவு. அதற்கு 3 ஆண்டு வரை சிறை, எனவே சிறு குற்றம். பயமுறுத்திப் பிடுங்கினால் அது கொள்ளை ஆகிவிடும். 309(4)-இன்படி 10 ஆண்டு வரை, இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் என்றால் 14 ஆண்டு வரை. எண் பெரிதாகத் தெரிந்தாலும் குறைந்தபட்சம் என்று எதுவும் சொல்லப்படவில்லை. குறைந்தபட்சம் இல்லாத பிரிவுகள் கொடுங்குற்றத்தில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. 2021-இல் சட்டத்தையும் அதற்கேற்பத் திருத்திவிட்டார்கள். ஆக 309(4) கடுங்குற்றம்தான். சிக்கலே 311-இல்தான். கொள்ளையின்போது கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை என்கிறது அது. உங்கள் மகனின் வழக்கைக் கொடுங்குற்றம் ஆக்குவது அந்த ஒரு பிரிவு மட்டும்தான்.

ஆயுதத்தை யார் பயன்படுத்தினாரோ அவருக்குத்தான் அந்தப் பிரிவு பொருந்தும், கூட இருந்தவருக்கு ஒட்டாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 397-ஆம் பிரிவுதான் இன்றைய 311. அதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1975 முதல் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லிவந்திருக்கிறது. 2021 டிசம்பரிலும் சொன்னது. 'எல்லோருக்கும் பொது எண்ணம் இருந்தது' என்ற பிரிவைச் சேர்த்து இதைப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் தலையில் கட்ட முடியாது. ஆனால் கத்தியால் குத்தினால்தான் 'பயன்படுத்தியது' என்று நினைத்துவிடாதீர்கள். எடுத்துக் காட்டி மிரட்டினாலே போதும். கத்தி 19 வயதுக்காரன் கையில் இருந்திருந்தால் உங்கள் மகன் மீதான குற்றச்சாட்டு 309(4)-ஓடு நிற்க வேண்டும். அப்போது 16 வயதா, 15 வயதா என்ற கேள்விக்கே வேலை இல்லை.

இதை எப்போது, எங்கே எழுப்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வழக்கு முடியும்போது வாதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குள், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் செய்யும் மதிப்பீடு முடிந்து வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். 16 வயதானவர் மீது கொடுங்குற்றம் என்றால், முதன்முதலில் குழுமத்தில் நிறுத்திய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் போலீஸ் சாட்சி வாக்குமூலங்களையும் மற்ற ஆவணங்களையும் அங்கே கொடுக்க வேண்டும். உங்களுக்கும் ஒரு நகல் தர வேண்டும். இது இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளில் இருக்கிறது. நகல் வராவிட்டால் வக்கீல் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

கையில் வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதல் புகாரில் கத்தி வருகிறதா? வந்தால், 'வண்டி ஓட்டியவர்' காட்டினார் என்கிறதா, 'பின்னால் இருந்தவர்' என்கிறதா, அல்லது 'இருவரும் மிரட்டினார்கள்' என்று பொத்தாம்பொதுவாக இருக்கிறதா? பறிமுதல் மகஜரில் (பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதும் பத்திரம்) கத்தி யாரிடமிருந்து எடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறது? முதல் புகாரில் இல்லாத கத்தி பிந்தைய வாக்குமூலத்தில் முளைத்திருக்கிறதா? இவற்றை வைத்து, 311 உங்கள் மகனுக்குப் பொருந்தாது, மதிப்பீடு தேவையில்லை என்று மதிப்பீட்டுக்கு முன்பே மனு போட வேண்டும். புகார் கொடுத்தவரைத் தேடிப்போய்ப் பேசாதீர்கள். நல்ல மனதோடு போனாலும் சாட்சியைக் கலைத்ததாகத்தான் எழுதுவார்கள். அது ஜாமீனுக்கே வேட்டு வைக்கும்.

மனு எடுபடாமல் மதிப்பீடு நடந்தால், குழுமம் மூன்று விஷயங்களைப் பார்க்கும்: அந்தக் குற்றத்தைச் செய்ய மனத்தளவிலும் உடலளவிலும் திறன் இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது. அவன் செய்தானா இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல. பிள்ளைகளும் பெற்றோரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 'தைரியமாகப் பதில் சொல்லு' என்று சொல்லி அனுப்புவார்கள். 'போனைப் பறித்தால் ஜெயில் என்று தெரியுமா?' என்ற கேள்விக்கு அவனும் 'தெரியும்' என்பான். அந்த ஒரு சொல்லை வைத்து 'விளைவை அறிந்தவன்' என்று எழுதிவிடுவார்கள். ஜெயில் இருக்கிறது என்று தெரிவது வேறு. நள்ளிரவில், தன்னைவிட மூத்தவன் வண்டியை நிறுத்தியபோது, 'வேண்டாம்' என்று இறங்கிப்போகத் தெரிவது வேறு. குழுமத்தில் குழந்தை உளவியல் படித்த உறுப்பினர் இல்லாவிட்டால் உளவியல் வல்லுநரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வல்லுநர் யார், அவர் அறிக்கை எங்கே என்று உங்கள் வக்கீல் கேட்டே ஆக வேண்டும். முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. அப்படியே வழக்கு மாறினாலும் குழந்தைகள் நீதிமன்றம் மறுபடி யோசித்து, பெரியவர்களைப் போல விசாரிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்யலாம். தண்டித்தாலும் 21 வயதுவரை பாதுகாப்பிடத்தில்தான் இருப்பான், சிறையில் அல்ல. மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ கொடுக்க முடியாது.

மகன் 18-ஐத் தாண்டிய பிறகும் வழக்கு நடந்தால் என்ன ஆகும் என்ற பயம் வேண்டாம். சம்பவ நாளின் வயதே கணக்கு.

இப்போது பிறந்த தேதி. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசை போட்டு வைத்திருக்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிச் சோதனை. இந்த வரிசையில் ஆதார் எங்கேயும் இல்லை. ஆதார் பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று 2024 அக்டோபரிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்பவத்துக்குப் பிறகு ஆதாரில் தேதியை மாற்றினால் பயன் துளியும் இல்லை. மாற்றிய நாள் பதிவில் நிற்கும், உங்கள் உண்மையான பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

உங்கள் நிலைமை எளிதல்ல என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைச் சீக்கிரம் பள்ளியில் போட வயதைக் கூட்டிச் சொல்வது நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடப்பது. இந்தச் சட்டத்தின் முன்னால் அது இப்படித் திருப்பி அடிக்கும். மார்க் ஷீட் வரிசையில் முதலில் இருப்பதால் அதற்குத்தான் எடை அதிகம். ஆனால் அதுவே முடிந்த முடிவு இல்லை. இந்தச் சான்றுகளை எதிர்ச்சான்று காட்டி மறுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இல் ஏற்றிருக்கிறது. எனவே இரண்டு ஆவணங்களையும் மறைக்காமல் தாக்கல் செய்யுங்கள். பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை இருந்தால் தேடி எடுங்கள். பிறந்தவுடன் பதிவான சான்றிதழா, பல ஆண்டு கழித்துப் பதிவானதா என்பதை முதலில் பாருங்கள். உடனே பதிவானதென்றால் அதன் மதிப்பே வேறு. முதல் வகுப்பில் சேர்த்தபோது எந்த ஆவணத்தின் பேரில் அந்தத் தேதி எழுதப்பட்டது என்பதைத் தலைமையாசிரியரை அழைத்துக் கேட்கச் சொல்லலாம். வெறும் வாய்வார்த்தையின் பேரில் என்றால் அதைக் குழுமத்தின் பதிவில் கொண்டுவர வேண்டும். பள்ளி டி.சி.யை மட்டும் நம்பாதீர்கள். மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் 94-ஆம் பிரிவு கேட்கும் ஆவணங்கள் அல்ல என்று 2023-இல் நம் மாநில வழக்கொன்றிலேயே தீர்ப்பு வந்திருக்கிறது. 15 வயது 8 மாதம் என்று குழுமம் ஏற்றுக்கொண்டால் 311 இருந்தாலும் மதிப்பீடு கிடையாது. ஆனால் வழக்கு முழுவதையும் இந்த ஒரு ஆணியில் தொங்கவிட வேண்டாம். கத்தி வாதம்தான் உங்களுடைய பலம்.

அந்த இரவில் நடந்ததைப் பற்றி. பிடிக்கப்பட்ட பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. உடனே குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ ஒப்படைக்க வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தில் நிறுத்த வேண்டும். விலங்கு கூடாது, குற்றத்தை ஒப்புக்கொள்ள வற்புறுத்தக் கூடாது, எந்த வாக்குமூலத்திலும் அவனிடம் கையெழுத்து கேட்கக் கூடாது. விசாரிக்கும்போது பெற்றவர் உடன் இருக்கலாம். எனவே வெள்ளைத்தாள் கையெழுத்து தவறு. இதை வாயால் புலம்பிப் பயனில்லை. எத்தனை மணிக்கு வந்தார்கள், இரவு எங்கே உட்காரவைத்தார்கள், யார் கையெழுத்து வாங்கியது, எத்தனை தாள் என்று இப்போதே எழுதுங்கள். அடுத்த வாய்தாவில் அதை மனுவாகக் கொடுத்து, பதிவு செய்யக் கேளுங்கள். பின்னால் அந்தத் தாளில் ஒப்புதல் வாக்குமூலம் முளைத்தால் இந்த மனுதான் உங்கள் கேடயம். அடித்திருந்தால் மருத்துவப் பரிசோதனைக்கும் அதே மனுவில் கேட்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். உதவி எண் 15100.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்திருப்பார் அல்லது வருவார். அவர் தரும் சமூக விசாரணை அறிக்கையைக் குழுமம் கவனமாகப் படிக்கும். வீடு பளிச்சென்று இருக்க வேண்டும், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று காட்ட வேண்டும் என நினைத்து உண்மையை மூடாதீர்கள். நீங்கள் விடியற்காலையில் மண்டிக்குப் போவது, பையன் தனியே இருப்பது, அந்த 19 வயதுக்காரன் எப்போதிலிருந்து பழகினான், காசோ சிகரெட்டோ வாங்கித் தந்தானா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அதோடு இனி மாலையில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கும் ஒரு பதில் வைத்திருங்கள். பள்ளி வருகைப் பதிவும் வகுப்பாசிரியரின் கடிதமும் இருந்தால் நல்லது.

அந்த மூத்த பையன் விஷயத்தில் இன்னொரு கோணம் இருக்கிறது. குழந்தையைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு. குற்றம் செய்யக் குழந்தையை அமர்த்துவது நியாய சன்ஹிதாவின் 95-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், 'வாடா போகலாம்' என்ற ஆடியோ எதையும் மகன் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே வழக்காக விசாரணை நடத்த முடியாது. அவனுடைய வழக்கு வழக்கமான நீதிமன்றத்தில் தனியே நடக்கும். எனவே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் என்று அவன் வீட்டார் சொன்னால் மறுத்துவிடுங்கள். கத்தி யார் கையில் என்பதில் இருவரின் நலனும் நேரெதிர்.

'ஒத்துக்கொண்டால் இன்றைக்கே முடித்துவிடலாம்' என்று யாராவது சொல்லக்கூடும். சிறு குற்றங்களில் அப்படி அறிவுரையோடு முடிவதுண்டு. 311 எஃப்.ஐ.ஆரில் இருக்கும்வரை அதற்குத் தலையாட்ட வேண்டாம். அது நீங்கி 309(4) மட்டும் நின்றால் குழுமம் தரக்கூடிய உத்தரவுகள் வேறு: கண்டித்து அறிவுரை, ஆலோசனை, சமூக சேவை, அபராதம், பெற்றோர் பொறுப்பில் 3 ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பு, அதிகபட்சம் 3 ஆண்டு வரை சிறப்பு இல்லம். விசாரணையை 4 மாதத்தில் முடிக்க வேண்டும், 2 மாதம் நீட்டிக்கலாம். சிறு குற்றமென்றால் அதற்குள் முடியாவிட்டால் வழக்கே முடிவுக்கு வந்துவிடும். கடுங்குற்றத்தில் தலைமை நீதித்துறை நடுவர் மேலும் அவகாசம் தர முடியும்.

சின்னவன். அவனை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போகாதீர்கள். 15 வயதுக்குட்பட்ட பையனைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் போலீஸ்தான் அவன் இருக்கும் வீட்டுக்கு வர வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு அது. குற்றவாளியாகச் சேர்ப்பார்களோ என்ற பயத்துக்கு: 7 வயதுக்குக் கீழே எதுவும் குற்றமே ஆகாது. 7-லிருந்து 12-க்குள், செய்ததன் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி அந்தச் சமயத்தில் இல்லாவிட்டால் குற்றம் ஆகாது. நியாய சன்ஹிதாவின் 20, 21 பிரிவுகள். அண்ணன் கொடுத்த போனில் கேம் விளையாடிய 11 வயதுப் பிள்ளைக்கு அது திருட்டுப் பொருள் என்று தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம்? எனவே போலீஸ் வீட்டுக்கு வந்து கேட்டால் நடந்ததை நடந்தபடி அவன் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். சொல்லிக்கொடுத்துப் பேசவைக்க வேண்டாம். (இலங்கையில் 8 ஆக இருந்த இந்த வயது எல்லையை 2018-இல் 12 ஆக உயர்த்திவிட்டார்கள். நாமோ 1860-இல் எழுதிய 7-ஐப் புதுச் சட்டத்திலும் அப்படியே படியெடுத்து வைத்திருக்கிறோம்.)

தெரு வாட்ஸ்அப் குழுவில் மகனின் படத்தையோ பெயரையோ யாராவது போட்டால் 'ஸ்கிரீன்ஷாட்' எடுத்து வையுங்கள். அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தச் சட்டப்படி குற்றம் செய்ததாக முடிவானாலும் அது எதிர்காலத்தில் எந்தத் தகுதியையும் பறிக்காது என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கு விதிவிலக்கு, 16 வயதானவர் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என முடிவானால் மட்டும். வழக்கு முடிந்த பிறகு நடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் அந்தப் பதிவை வெளியிடக் கூடாது. சிறுவயது வழக்கைக் காட்டி மத்திய தொழிற்பாதுகாப்புப் படையில் வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் நடைமுறையில் ஸ்டேஷன் பதிவேட்டில் பெயர் கிடந்து, சரிபார்ப்பின்போது எட்டிப் பார்ப்பதுண்டு. அதனால் இறுதி உத்தரவு வந்ததும் அதன் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். குழுமத்தின் பதிவுகளை 7 ஆண்டுக்கு மேல் வைத்திருக்காமல் அழித்துவிடுவார்கள். அதன் பிறகு போய்க் கேட்டால் அங்கே எதுவும் இருக்காது.